சிரம்பான் பிள்ளை, சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர்

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினால் அடுத்தது மகாராஜாலேலா, அதற்கடுத்தது ஹங் துவா. பத்து நிமிடம்கூட ஆகாத பயணம். ஹங் துவாவை நெருங்கும்போது சாலையை ஒட்டிய மேட்டில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இவ்வழியே போய்வரும் நான், இந்தச் சிறு பயணத்தின் இரு முனைகளையும் ஒரே காகிதம் இணைக்கிறது என்பதை அண்மையில்தான் அறிந்தேன்.

அந்தக் காகிதம் 1965 ஆகஸ்டு 7ஆம் நாள் கையெழுத்தான, சிங்கப்பூரை மலேசியாவிலிருந்து பிரிக்கும் ஒப்பந்தம். மலேசியாவின் சார்பில் ஐவர் கையெழுத்திட்டனர். அவர்களுள் ஒருவர் ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன். சிங்கப்பூரின் சார்பில் பத்து அமைச்சர்கள் கையெழுத்திட்டனர். அவர்களுள் ஒருவர் சின்னத்தம்பி இராஜரத்தினம். ஒரு தமிழரின் பெயர் இன்று நிலையத்திற்கும் சாலைக்கும் இருக்கிறது. மற்றவர் அந்த மேட்டுப் பள்ளியில் படித்தவர். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு தமிழர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் கையெழுத்திட்ட செய்தியை இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நான் படித்ததாக நினைவில்லை.

இவ்வாண்டு மலருக்குப் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது இராஜரத்தினத்தின் பெயரைச் சொன்னேன். மலர்க்குழுவில் உடனே கேள்வி எழுந்தது. அவர் சிங்கப்பூர்க்காரர் ஆயிற்றே, தமிழில் ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா, தமிழுக்கு என்ன செய்தார், நம் மலரில் அவருக்கு ஏன் பன்னிரண்டு பக்கம் என்றார்கள். நியாயமான கேள்விகள்தாம். பன்னிரண்டு பக்கம் கடைசியில் ஆறாகச் சுருங்கியது. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கேள்வியை முதலில் எழுப்பக்கூடியவரே இராஜரத்தினம்தான். ஒருவன் எந்த நாட்டவன் என்பதை அவன் பாட்டனின் ஊர் முடிவு செய்யக்கூடாது என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர் அவர். அப்படிப்பட்டவரைத் தமிழர் என்பதற்காகவே ஒரு தமிழ்மலரில் கொண்டாடுவது கொஞ்சம் சங்கடமான காரியம். அந்தச் சங்கடத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இராஜரத்தினம் 1915 பிப்ரவரி 25ஆம் நாள் யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டையில் பிறந்தார். பெற்றோர் சபாபதிப்பிள்ளை சின்னத்தம்பி, அன்னம்மா. அவர்கள் அப்போது மலாயாவில்தான் வாழ்ந்தார்கள். மூத்த குழந்தை இறந்துவிட்டதால் அடுத்த பிள்ளையாவது நல்ல நேரத்தில் சொந்த மண்ணில் பிறக்கட்டும் என்று தாயாரை ஊருக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் கைக்குழந்தையுடன் கப்பலேறி அவர் மலாயா திரும்பினார். ஆக, பிறந்த ஊர் வட்டுக்கோட்டை என்றாலும் நினைவு தெரிந்த நாள் முதல் அவருக்கு ஊர் என்பது சிரம்பானும் சிலாங்கூரும்தான். தந்தை ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். பின்னர்ச் சொந்தமாகவும் தோட்டம் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். இக்கட்டுரைக்காக நான் படித்ததை அவரிடம் சொன்னேன். அப்பா யாழ்ப்பாணம், தோட்டத்தில் மேலதிகாரி என்றதும் பாட்டியின் முகம் மாறிவிட்டது. அப்படியென்றால் கிராணி வீட்டுப் பிள்ளை, நம்மைப்போல் இல்லை என்று முடித்துவிட்டார். அக்காலத் தோட்டப்புறத்தில் ஆங்கிலம் படித்து வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அலுவலகத்திலும் இரயில்வேயிலும் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் நிரையில் நின்றார்கள். ஒரே மொழி பேசினாலும் நடுவே ஒரு வேலி இருந்தது. தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடக்கி எழுதிவிடுவது நமக்கு எளிது. அந்த வேலியைப் பார்த்தவர்களுக்கு அது எளிதாக இல்லை.

இராஜரத்தினம் சிரம்பானில் செயின்ட் பால்ஸ் பள்ளியிலும், பிறகு கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனிலும், அதன்பின் சிங்கப்பூர் இராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனிலும் படித்தார். அப்போதெல்லாம் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்கப் போவது வெளிநாடு போவது ஆகாது. ஒரே இரயில் பாதையில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போவது, அவ்வளவுதான். பிற்காலத்தில் அவருக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1930களில் சட்டம் படிப்பதற்காக இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். வழக்கறிஞராகித் திரும்பி வருவார் என்பதுதான் வீட்டாரின் எதிர்பார்ப்பு. ஆனால் சட்ட நூல்களைவிட அரசியல் நூல்களே அவரை இழுத்தன. காலனி ஆட்சியை எதிர்த்த ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களும் இடதுசாரிகளும் கூடிப் பேசிய இலண்டன் அது. இரண்டாம் உலகப் போர் மூண்டு, மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. பிழைப்புக்காக எழுதத் தொடங்கினார். சிறுகதைகள் எழுதினார். பி.பி.சி. வானொலியின் கீழைநாட்டுப் பிரிவுக்கும் எழுதினார். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அப்போது அங்கே பணியாற்றிக் கொண்டிருந்தார். இலண்டனில் சந்தித்த பிரோஸ்கா ஃபெஹர் என்ற ஹங்கேரியப் பெண்ணை 1943இல் மணந்தார்.

ஆக, ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் ஊர் திரும்பியபோது கையில் பட்டம் இல்லை, கூடவே ஒரு ஹங்கேரிய மருமகள். எந்தத் தமிழ்க் குடும்பமும் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்திருக்காது. இதைப் படிக்கும் முதலாமாண்டு நண்பர்கள் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டு வகுப்புக்கு மட்டம் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் இலண்டனில் எழுதிய சிறுகதைகளில் ‘புலி’ என்ற பொருள்படும் தலைப்புடைய கதையை நான் படித்தேன். ஒரு மலாய்க் கம்பத்தில் பாத்திமா என்ற கர்ப்பிணிப் பெண் ஆற்றில் குளிக்கும்போது எதிரே ஒரு புலியைப் பார்க்கிறாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. கம்பத்து ஆண்கள் துப்பாக்கியுடன் புறப்படுகிறார்கள். அதைக் கொல்ல வேண்டாமே என்று அவளுக்குள் ஒரு தவிப்பு. இறுதியில் புலி கொல்லப்படுகிறது. அதுவும் ஒரு தாய் என்பது தெரியவரும் நேரத்தில் அவளுக்கும் பிரசவ வலி. போர்க்கால இலண்டனின் குளிரில் அமர்ந்து, ஒரு யாழ்ப்பாணத் தமிழர், ஆங்கிலத்தில், ஒரு மலாய்ப் பெண்ணின் மனத்தை எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் மேடைகளில் பேசிய அரசியலெல்லாம் இந்தக் கதைக்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1940களின் இறுதியில் திரும்பிவந்து சிங்கப்பூரில் குடியேறினார். மலாயன் டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஆகிய நாளிதழ்களில் பணியாற்றினார். பிரிட்டிஷ் ஆட்சியைத் தயங்காமல் விமர்சித்ததால் அவர் பெயர் பரவியது. 1954 நவம்பரில் லீ குவான் இயூ, டோ சின் சை, கோ கெங் சுவீ முதலியோருடன் மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். இவர்களில் டோ பேராக் மாநிலத்துக்காரர், கோ மலாக்காவில் பிறந்தவர், இராஜரத்தினம் சிரம்பானில் வளர்ந்தவர். சிங்கப்பூரை உருவாக்கியவர்கள் என்று இன்று போற்றப்படும் நால்வரில் மூவர் நம் தீபகற்பத்தோடு தொடர்புடையவர்கள். அவர்கள் மனத்தில் இருந்த நாடு மலாயாதான். சிங்கப்பூர் அதன் ஒரு துறைமுகம்.

இராஜரத்தினம் அந்த மலாயாவைப் பற்றி மற்றவர்களைவிட அதிகமாகச் சிந்தித்தவர் எனலாம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று தனித்தனியே வாழும் மக்கள் ஒரே இனமாக ஆக முடியுமா என்ற வினாவை வைத்து அவர் எழுதிய வானொலி நாடகத் தொடர், சுதந்திர ஆண்டான 1957இல் ரேடியோ மலாயாவில் ஒலிபரப்பானது. முடியும் என்பது அவர் கட்சி. வரலாற்றையும் வம்சத்தையும் பின்னோக்கித் தோண்டிக்கொண்டே போனால் ஒன்றுசேர வழியில்லை, எதிர்காலம்தான் எல்லாருக்கும் பொதுவாக இருக்கக்கூடியது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

1959 தேர்தலில் கம்போங் கிளாம் தொகுதியில் வென்று பண்பாட்டு அமைச்சரானார். பல இனக் கலைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றிய திறந்தவெளிக் கலைநிகழ்ச்சிகளை நடத்தினார். 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியதும் அவர் காலத்தில்தான். அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானது. அவர் கனவு கண்ட நாடு ஏறக்குறைய அமைந்துவிட்டது.

அது நீடித்தது இருபத்து மூன்று மாதங்கள்தான். 1964 பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்திலும் போட்டியிட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்சார் தொகுதி ஒன்றில் மட்டும் வென்றது. வென்றவர் தேவன் நாயர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் உறவு கசந்தது. ஜூலையில் சிங்கப்பூரில் இனக்கலவரம். மலேசியா எல்லா மலேசியர்களுக்கும் சமமாக உரியது என்ற முழக்கத்தை 1965இல் உரக்க எழுப்பியவர்களில் இராஜரத்தினம் முன்னணியில் இருந்தார். அம்முழக்கம் சரியா, அது எழுப்பப்பட்ட விதமும் நேரமும் சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கொள்கையில் அவர் பக்கம் நியாயம் இருந்ததாக நான் நினைக்கிறேன். ஆனால் சிரம்பானில் வளர்ந்த ஒருவர், அந்தப் பேச்சு கிராமப்புற மலாய்க்காரர்கள் காதில் எப்படி விழும் என்பதைக் கணித்திருக்க வேண்டாமா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இனி ஆகஸ்டு 7. பிரிவுக்கான பேச்சு கோ கெங் சுவீக்கும் துன் அப்துல் ரசாக்குக்கும் இடையே இரகசியமாக நடந்தது. சட்டப் பத்திரங்களை எட்டி பார்க்கர் வரைந்தார். டோவுக்கும் இராஜரத்தினத்திற்கும் எதுவும் தெரியாது. கோலாலம்பூருக்கு வரும்படி அவர்களுக்கு அழைப்பு வந்தது. சிங்கப்பூர் அமைச்சர்கள் தங்கும் ‘சிங்கப்பூர் இல்லம்’ என்ற விடுதியில் வைத்து லீ விஷயத்தைச் சொன்னார். இருவரும் மறுத்துவிட்டார்கள். மணிக்கணக்கில் மறுத்தார்கள். இருவருக்கும் உறவினர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். தீபகற்பத்தில் தங்களை நம்பி வந்த கட்சிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவதா என்பது அவர்களின் கேள்வி.

இறுதியாகத் துங்கு அப்துல் ரஹ்மான் டோவுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். நிலைமை தம் கையை மீறிப் போகிறது, பிரிவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்பது அதன் பொருள். இரத்தம் சிந்துவதைத் தடுக்க முடியாது என்றால் இனி எதைச் சொல்லி மறுப்பது? டோ கையெழுத்திட்டார். பிறகு இராஜரத்தினமும் கையெழுத்திட்டார். தாம் பள்ளி சென்ற அதே நகரத்தில், தாம் வளர்ந்த நாட்டைத் தமக்கு அயல்நாடாக ஆக்கும் பத்திரத்தில் அவர் பெயர் எழுதினார். ஐம்பது வயது நிறைந்த மனிதர். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 9ஆம் நாள், நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அன்றே அவர் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனார். அந்தப் புதிய நாட்டிற்கு மிக நெருங்கிய, மிகச் சிக்கலான வெளிநாடு எது என்று சொல்லத் தேவையில்லை.

புதிய அமைச்சுக்கு அனுபவமுள்ள தூதர்கள் இல்லை. வணிகர்களையும் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் அழைத்துத்தான் தூதர்களாக்கினார்கள். ஐ.நா.வுக்கு 1968இல் அனுப்பப்பட்ட டாமி கோ அப்போது முப்பது வயதுச் சட்ட விரிவுரையாளர். நம்மில் சிலர் முப்பது வயதில் முதுகலையை முடித்தாலே பெரிது.

1965 செப்டம்பர் 21ஆம் நாள் சிங்கப்பூர் ஐ.நா.வின் 117ஆவது உறுப்பு நாடானது. பொதுச்சபையில் இராஜரத்தினம் உரையாற்றினார். அதற்கு முதல்நாள் பாதுகாப்பு மன்றத்தில் நடந்ததையும் குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் இடம்பெற்றிருந்தது. சிங்கப்பூரைச் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மலேசியாவின் பிரதிநிதியாக அங்கே இருந்தவர் கோலாலம்பூரில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய இராதாகிருஷ்ண ரமணி. அவரும் தமிழர். அதே மாதம் இந்திய–பாகிஸ்தான் போர் பற்றி ரமணி மன்றத்தில் ஆற்றிய உரையால் சினமடைந்த பாகிஸ்தான் அடுத்த மாதம் மலேசியாவுடன் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அவரைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதலாம். அடுத்த ஆண்டு யாராவது முன்வரட்டும்.

வெளியுறவில் இராஜரத்தினத்தின் கணக்கு எளிமையானது. சிறிய நாடு எதிரிகளைத் தேடிக்கொள்ளக் கூடாது, யாருடனும் வணிகம் செய்ய வேண்டும், ஆனால் சிறிது என்பதற்காக எவருக்கும் அடிபணியவும் கூடாது. கடைசிப் பகுதிதான் கடினம். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இந்தோனேசியா. சுகார்னோவின் மோதல் கொள்கைக் காலத்தில், 1965 மார்ச் 10ஆம் நாள், சிங்கப்பூர் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் இரண்டு இந்தோனேசியக் கடற்படைவீரர்கள் குண்டுவைத்து மூவரைக் கொன்றார்கள். மோதல் முடிந்து, உறவு மலர்ந்து, ஆசியானும் தொடங்கிய பிறகு, அவர்களின் தூக்குத் தண்டனையைக் குறைக்கும்படி அதிபர் சுகார்த்தோவே வேண்டினார். சிங்கப்பூர் இணங்கவில்லை. 1968 அக்டோபரில் தண்டனை நிறைவேறியது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் தாக்கப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நேரில் கேட்டும் மறுத்த அந்த முடிவு சரியா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வெளியுறவு அமைச்சராக அதன் சுமையைச் சுமந்தவர் அவர்.

ஆசியானின் தோற்றம் எல்லாரும் பாடநூலில் படித்ததுதான். 1967 ஆகஸ்டில் தாய்லாந்தின் பாங் சேன் கடற்கரையில் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, அலுவல் உடையைக் களைந்துவிட்டு, கோல்ப் ஆடிக்கொண்டே பேசித் தீர்த்தார்கள். ஆகஸ்டு 8ஆம் நாள் பேங்காக்கில் கையெழுத்திட்டவர்கள் ஆடாம் மாலிக், நார்சிசோ ராமோஸ், தானாட் கோமான், துன் அப்துல் ரசாக், இராஜரத்தினம். பாடநூலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது பார்க்கையில் வேறொன்று தெரிகிறது. துன் ரசாக்கும் இராஜரத்தினமும் இரண்டே ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய அதே நாளில், பிரிவதற்காக ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள். இப்போது சேர்வதற்காக மீண்டும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். ஆனால் அதே 1967இல்தான் ஜொகூர் பாலத்தில் குடிநுழைவுச் சோதனையும் தொடங்கியது. அதன்பின் தாம் வளர்ந்த ஊருக்கு வர வேண்டுமானால் வெளியுறவு அமைச்சருக்கும் கடப்பிதழ் தேவைப்பட்டது.

1971 நவம்பர் 27ஆம் நாள், தென்கிழக்காசியா வல்லரசுகளின் தலையீடில்லாத அமைதி மண்டலமாக வேண்டும் என்ற கோலாலம்பூர் பிரகடனத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. சிங்கப்பூருக்காக வந்தவர் அவர்தான். கோலாலம்பூரில் அவர் இட்ட இந்தக் கையெழுத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் கையெழுத்து அளவுக்கு அது வலித்திருக்காது.

1966இல் அவர் செய்த ஒரு பணியைச் சொல்லாமல் விடமுடியாது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மாணவர்கள் நாள்தோறும் சொல்லும் உறுதிமொழியை முதலில் வரைந்தவர் அவர். லீ அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். இனம், மொழி, சமயம் கடந்து ஒரே மக்களாக இருப்போம் என்பதுதான் அதன் உட்பொருள். மலாயாவுக்காக வானொலி நாடகத்தில் எழுதிய கனவை ஒரு தீவுக்காகச் சில வரிகளில் சுருக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். நம் ருக்குன் நெகாரா 1970இல் வந்தது. இரண்டும் இனக்கலவரம் பார்த்த நாடுகளில் எழுதப்பட்டவை.

புகழ்ந்துகொண்டே போவது முறையாகாது. ஒரு காலத்தில் ஆட்சியாளர்களை அஞ்சாமல் எழுதிய பத்திரிகையாளர் அவர். 1971இல் சிங்கப்பூரில் நன்யாங் சியாங் பாவ் நாளிதழின் பொறுப்பாளர்கள் விசாரணையின்றிக் கைதானபோதும், வேறு இரு ஆங்கில நாளிதழ்கள் மூடப்பட்டபோதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். பதவி விலகவில்லை. 1978 இறுதியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்ததை உலக அரங்கில் மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1979 செப்டம்பரில் ஹவானாவில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டில் கியூபாவின் தலைமையையே எதிர்த்து நின்றார். அவ்வாண்டு நவம்பரில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற ஆசியான் தீர்மானம் ஐ.நா.வில் 91 வாக்குகள் பெற்றது. சிறிய நாட்டைப் பெரிய நாடு விழுங்கலாம் என்று ஒருமுறை உலகம் ஒப்புக்கொண்டால் அடுத்தது சிங்கப்பூராக இருக்கலாம் என்ற அவரது அச்சம் புரிகிறது. ஆனால் அந்த நிலைப்பாட்டின் விளைவாக, தம் மக்களையே இலட்சக்கணக்கில் கொன்ற போல் போட் கூட்டம் ஐ.நா. இருக்கையில் தொடர்ந்து அமர ஆசியான் ஆதரவளித்தது. தாய்ப்புலிக்காக இரங்கிய எழுத்தாளரிடம் இதைப் பற்றிக் கேட்க எனக்கு ஆசை. கேட்க வழியில்லை.

1980இல் வெளியுறவு அமைச்சைத் தனபாலனிடம் ஒப்படைத்தார், அவரும் தமிழர்தான். அதன்பின் துணைப் பிரதமர், மூத்த அமைச்சர் பொறுப்புகளை வகித்து 1988இல் அரசியலிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு மனைவி பிரோஸ்கா காலமானார். குழந்தைகள் இல்லை. சான்சரி லேன் வீட்டில் நூல்களுக்கு நடுவே தனித்து வாழ்ந்தார். 1990களில் மறதி நோய் பற்றிக்கொண்டது. எழுத்தாலும் பேச்சாலும் வாழ்ந்தவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன.

பாட்டியிடம் இதையும் சொன்னேன். கிராணி வீட்டுப் பிள்ளை என்று ஒதுக்கியவர் இப்போது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிள்ளைகுட்டி இல்லாமல் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். வீட்டில் பணியாளர்கள் இருந்தார்கள் என்றேன். பிறகு, அவர்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். கடைசிவரை நாம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வட்டுக்கோட்டை என்று சொன்னேன்.

2006 பிப்ரவரி 22ஆம் நாள் இராஜரத்தினம் காலமானார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 91 வயது நிறைந்திருக்கும். அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. 2007 ஜனவரியில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலுள்ள அனைத்துலக ஆய்வுப் பள்ளிக்கு எஸ். இராஜரத்தினம் பள்ளி என்று பெயர் மாற்றினார்கள். உலகெங்கிலுமிருந்து வெளியுறவுக் கொள்கை படிக்க வரும் மாணவர்கள் அப்பெயரைத் தங்கள் சான்றிதழில் பெற்றுச் செல்கிறார்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எஸ்’ எதைக் குறிக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அது சின்னத்தம்பி, சிரம்பானில் தோட்டம் பார்த்த அவருடைய அப்பா.